படிப்பகத்தின் கீழே ஒரு திரையாட்டக் கடை

எங்கள் மன்றம் அண்மையில் வெளியிட்ட ஆண்டு நிறைவு மலரே இக்குறிப்பை எழுதத் தூண்டியது. பழைய நிகழ்வுகளைத் தொகுத்த பக்கத்தில், "திரையாட்டங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கிய பொங்கல் பட்டிமன்றம்" என ஒரு வரி அச்சாகியிருந்தது. அம்மேடையில் பேசியவர்களுள் நானும் ஒருவன். தீர்ப்பு அப்படி அமையவில்லை. ஒரு வரிப் பிழைதானே என்று மலரை மூடி வைத்துவிடலாம். ஆனால் அன்று அத்தீர்ப்பின் வாசலில் ஒரு மனிதரின் பிழைப்பு காத்து நின்றது. அவர் என் மனைவியின் தம்பி. எதிராகத் தீர்ப்பாயிருந்தால் அவர் வாழ்வு வேறு வழியில் போயிருக்கும். நான் அன்று மேடையில் சொல்லாமல் விட்ட செய்தியும் ஒன்று உண்டு. அதைச் சொல்ல உரியவர் இப்போது இசைவு தந்திருக்கிறார். நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

மன்றத்தின் பெயரைக் குறிக்கவில்லை. ஏரிக்கருகே உள்ள பெரிய அமைப்பை எவரும் நினைத்துக்கொள்ள வேண்டா. எங்களுடையது பெங்களூர் அல்சூர்ச் சந்தைக்குப் பின்புறச் சந்தில், இரண்டு தளம் கொண்ட சிறு கட்டடம். மேல்தளத்தில் படிப்பகமும் நூலகமும் இருந்தன. பகலில் கல்லூரியில் தமிழ் கற்பித்துவிட்டு மாலையில் அந்நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. சென்னைப் பதிப்பு நாளிதழ்கள் நண்பகலுக்குமேல்தான் வந்துசேரும். அவற்றை மூங்கிற் கழிகளில் கோத்துத் தொங்கவிடுவதற்குள் ஓய்வுபெற்றோர் சிலர் படியேறி வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி காத்திருப்பர். சன்னலைத் திறந்தால் சந்தையின் சாமந்தி மணமும், மழைக்காலமாயின் ஏரியின் பாசி வாடையும் வரும். அந்த அறையில் ஒருவர் தாளைப் புரட்டும் ஓசை மற்றவர்க்குக் கேட்கும். அவ்வளவு அமைதி.

கீழ்த்தளத்து முன்னறை முதலில் எங்கள் நூல் விற்பனைக் கூடமாக இருந்தது. தொண்ணூற்றொன்றில் காவிரி நீரையொட்டி நகரில் கலவரம் மூண்டபோது பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்தோம். விற்பனைக் கூடத்தின் இரும்புக் கதவையும் இறக்கினோம். பெயர்ப்பலகை சில திங்களில் மீண்டும் ஏறியது. நூல் வாங்குவோர் மட்டும் திரும்பவில்லை. பூட்டிக் கிடந்த அறைக்கு வாடகை வந்தால் மின்கட்டணத்துக்காவது உதவும் என்று செயற்குழு முடிவெடுத்த வேளையில், தங்கவயலிலிருந்து என் மைத்துனர் வந்துசேர்ந்தார்.

என் மனைவியின் குடும்பம் வட ஆர்க்காட்டிலிருந்து தங்கச் சுரங்க வேலைக்குப் போய், மூன்று தலைமுறையாகத் தங்கவயலிலேயே வேரூன்றியது. என் மாமனாரை நான் பார்த்ததில்லை. என் மனைவி சிறுமியாயிருந்தபோதே அவர் சுரங்கத்தில் இறந்துவிட்டார். எப்படி இறந்தார் என்பதை அவ்வீட்டில் எவரும் பேசுவதில்லை, நானும் கேட்டதில்லை. மைத்துனரும் சில ஆண்டு நிலத்தடியில் உழைத்தார். பின்னர், சுரங்கத்துக்கு இனி வாழ்வில்லை என்ற பேச்சு பரவியபோது, விலகுவோர்க்கு அளித்த தொகையைப் பெற்றுக்கொண்டு பெங்களூருக்கு வந்தார். இனி எக்காலத்தும் சுரங்கக் கூண்டில் இறங்குவதில்லை என்று தாயின் கையிலடித்து உறுதி கூறிவிட்டு வந்தவர் அவர்.

அத்தொகையைக்கொண்டு அவர் திறந்ததுதான் அக்கடை. மூன்று தொலைக்காட்சிப் பெட்டிகள், அவற்றோடு இணைத்த ஆட்டக் கருவிகள், கேசட் என்று கடையில் வழங்கிய பேழைகள் ஓர் அலமாரி நிறைய. 'வீடியோ கேம்' என்று ஊர் அழைத்ததை நான் 'திரையாட்டம்' என்று எழுதினேன். மைத்துனர் அச்சொல்லைக் கேட்டுவிட்டு, சினிமாக் கொட்டகை என்று எண்ணிக்கொண்டு யாரேனும் வந்து இடைவேளை எப்போது என்று கேட்கப் போகிறார்கள் என்றார்.

அக்கடையை நான் வெறுத்தேன். மென்மையான சொல் எதுவும் இதற்குப் பொருந்தாது. படிப்பகத்தின் தரை வழியே ஓசை மேலேறி வரும். ஏதோ ஒன்று துள்ளும் ஒலி, எதுவோ வெடிக்கும் ஒலி, பிறகு ஒரே இசைத்துணுக்கு ஓயாது திரும்பத் திரும்ப. நான் சொற்பொருள் தேடி அகராதியைப் புரட்டும்போது அடியில் எவனோ ஒருவன் எதையோ சுட்டுக்கொண்டிருப்பான். ஓய்வுபெற்ற தந்தி அலுவலர் ஒருவர் நாள்தோறும் நாளிதழ் படிக்க வருவார். ஒருநாள் நாளிதழை மடித்துவைத்துவிட்டு நெடுநேரம் காதைத் தரைப்பக்கம் சாய்த்திருந்தார். என்ன என்று கேட்டேன். "கட்டு கடகட, கட்டு கடகடன்னு வருது ஐயா. ரொம்ப நேரமா கேக்கறேன். ஒரு வார்த்தையும் தேறல" என்றார். கீழிருந்து வந்த ஓசையைத் தந்திக் குறியாக எண்ணிக் கேட்டிருக்கிறார். அறையிலிருந்தோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே போய்ப் பார்க்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. கடையை எடுக்கச் செயற்குழுவில் முறையிட்டேன். மைத்துனரிடமும் அதை ஒளிக்கவில்லை. உறவு வேறு, மன்றம் வேறு என்று விளக்கினேன். அவர் வழக்கம்போல ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்து உண்டார். "மாமா நம்ம மேல கேஸ் போட்டிருக்காரு, கொழம்பு கொஞ்சம் பார்த்து ஊத்துக்கா" என்பார் தமக்கையிடம்.

வாடகை ஒப்பந்தம் முடியும் காலம் வந்தது. மன்றத் தலைவர் இருப்பூர்தித் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றவர். கடை இருக்கட்டும் என்றார். செயலர் துணிக்கடை நடத்துபவர். தமிழ் வளர்க்கும் கட்டடத்தில் இது தகாது என்றார். செயற்குழு சரிபாதியாகப் பிளந்தது. பல கூட்டங்கள் நடந்தும் முடிவு எட்டவில்லை. அப்போது எவரோ ஒருவர், பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்கு இதையே பொருளாக்கி, நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்றார். பிறர் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எங்களுக்கு அன்று அது மிகச் சிறந்த வழியாகத் தோன்றியது. தலைவரும் செயலரும் உடனே ஒப்புக்கொண்டனர். ஒருவர் கடையை வைப்பதா எடுப்பதா என்பதைப் பட்டிமன்றத்துக்கு விட்ட அமைப்பு எங்களைத் தவிர வேறொன்று இருந்திருக்குமா என்று தெரியவில்லை. "திரையாட்டத்தின்மீது கொள்ளும் கடும் வெறுப்பு தக்கதா, தகாததா?" என்று பொருள் அச்சாயிற்று.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சாளர் தம் பக்கத்தைத் தாமே தேர்ந்துகொள்ளக் கூடாது. நம்புவதைப் பேசுவதற்குத் திறமை எதற்கு என்பது மன்றத்தை நிறுவியோரின் எண்ணம். பெயர்களைத் துண்டுத் தாள்களில் எழுதிப் பித்தளைச் செம்பிலிட்டுக் குலுக்கி எடுப்பர். அவ்வாண்டு என் பெயர் "தகாதது" என்ற அணியின் தலைமைக்கு வந்தது. செயலர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தக்கதே" என்ற அணிக்குத் தலைமை, சந்தை முனையில் மருந்துக்கடை வைத்திருந்த நண்பர்க்கு வாய்த்தது. அவர் வீட்டிலேயே ஆட்டக் கருவி வாங்கிவைத்து ஞாயிறுதோறும் தம் பெண்மக்களோடு ஆடித் தோற்பவர் என்பது எல்லார்க்கும் தெரியும். அவருக்கு அதை வெறுத்துப் பேசும் கடமை, எனக்கு அதைக் காத்துப் பேசும் கடமை. செம்பைக் கவிழ்த்து மீண்டும் குலுக்கலாமா என்று ஒருவர் மெல்லக் கேட்டார். வழக்கத்தை மாற்ற எவரும் துணியவில்லை.

அன்று மாலை வீட்டில் என் மனைவி சொன்ன ஒரே சொற்றொடர் இன்றும் என் காதில் உள்ளது. "நீங்க தோத்தா, அவன் மாரிக்குப்பம் ரயில் ஏறணும்." மாரிக்குப்பம் தங்கவயலின் ரயில் நிலையம். கடை போனால் அவர்க்குத் தங்கவயலில் எஞ்சியிருந்தது ஒப்பந்தக்காரர்களின்கீழ்ச் சுரங்கத்துக்குள் செய்யும் வேலை மட்டுமே. தாய்க்குக் கொடுத்த உறுதியைத் தாயின் கண்முன்னே முறிக்க வேண்டியிருக்கும்.

பாராத ஒன்றைக் காத்துப் பேச இயலாது. ஆகவே ஒருநாள் காலை, கூட்டம் சேரும்முன், படிப்பகத்துக்கு ஏறாமல் கீழேயே நின்று கடைக்குள் நுழைந்தேன். துடைப்பத்தோடு நின்ற மைத்துனர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மாமா, மேல தீப்பிடிச்சிருச்சா?"

பட்டிமன்றத்துக்காக வந்திருப்பதைச் சொன்னேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு நாற்காலியைத் துணியால் தட்டி எனக்கு முன்னே இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. எதிர்க்கட்சி நம்ம கட்சிக்கு வந்திருக்கு. காசு வேணாம். ஆனா எதையாச்சும் ஒடைச்சீங்கன்னா அக்காகிட்ட பில்லு போயிடும்."

அறை சிறியது. மூன்று திரைகளின் நீல ஒளி தவிர வெளிச்சமில்லை. மேற்சுவரில் மரப்பலகையொன்றில் முருகன் படமும் அதனருகே ஊதுவத்திக் குழலும் இருந்தன. அவர் ஓர் ஆட்டத்தை இட்டார். வெவ்வேறு வடிவக் கட்டைகள் மேலிருந்து விழும். அவற்றைத் திருப்பி, இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறைந்துபோகும். அவ்வளவே. நான் பிடித்த பிடியைப் பார்த்து அவர் தலையிலடித்துக்கொண்டார்.

"திருகாதீங்க மாமா, அது பேனா மூடி இல்ல. அமுக்கிட்டு விடுங்க. அமுக்கிட்டு விடுங்க. ஆ, இப்ப விட்டிருக்கணும். போச்சு."

கட்டைகள் குவிந்து கூரை தொட்டு நின்றன. மறுபடி ஆடினேன். மீண்டும் குவிந்தன. எத்தனையாவது ஆட்டத்தில் என்று சொல்ல இயலவில்லை, நீண்ட கட்டையொன்று நான் விட்டுவைத்த ஒரே பிளவில் நேராக இறங்கியது. அடியிலிருந்த வரிசைகள் ஒருசேர மறைந்தன. வெண்பாவின் ஈற்றடிக்குத் தேடித் தேடிக் கிடைக்காத சீர், குளிக்கும்போது தானே வந்து தளைதட்டாமல் அமர்ந்தால் உண்டாகும் நிறைவை நான் அறிவேன். அந்நிறைவின் தங்கை இது என்று தோன்றியது. வாய்விட்டு "அமர்ந்தது" என்றேன் போலும். மைத்துனர் அதைப் பிடித்துக்கொண்டார். பின்னர்ப் பல ஆண்டுகள், கடைக்கு வருவோர் யாராவது நன்றாக ஆடினால், "அமர்ந்ததுப்பா" என்பார். அவர்களும் அதைக் கற்றுக்கொண்டனர்.

அதன்பின் பல காலைகள் போனேன். அப்படியொரு காலையில்தான் முருகன் படத்துக்கருகே தனியே கிடத்தியிருந்த ஒரு பேழை என் கண்ணிற் பட்டது. மற்றவை அலமாரியில் புழுதியேறிக் கிடக்க, இது மட்டும் துடைத்துத் தூய்மையாக இருந்தது. மேலுறையில், தலைக்கவசமணிந்து கையில் குத்துக்கோடரி பிடித்த ஒரு சிறு மனிதனின் படம். அதை இடலாமா என்று கேட்டேன்.

"அது வேணாம் மாமா."

"பழுதாகிவிட்டதா?"

"நல்லாத்தான் இருக்கு."

அவர் நாற்காலியில் அமர்ந்தார். கடையில் அவர் அமர்ந்து நான் பார்த்தது அரிது. மொத்தமாக வாங்கிய பேழைகளோடு அதுவும் வந்ததாம். கடை திறந்த முதல்நாள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தபோது அதையும் இட்டிருக்கிறார். அம்மனிதன் மண்ணைக் குடைந்துகொண்டு கீழே கீழே போவான். அடியில் பூதங்கள் துரத்தும். தலைக்குமேலே பாறைகள். அவற்றின் அடிமண்ணைத் தோண்டிவிட்டால் பாறை விழும்.

"விழுறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஆடுது மாமா, அந்தக் கல்லு. ஒரு ஆட்டம் குடுத்துட்டு அப்புறம்தான் விழுது. அங்கேயும் அப்படித்தான். எவன் செஞ்சானோ, பார்த்துட்டுத்தான் செஞ்சிருக்கான்."

என் மாமனார் பாறை வெடித்துச் சரிந்ததில் இறந்தவர் என்பதை அவ்வாறுதான் நான் அறிந்தேன். அவரை மேலே கொண்டுவரச் சில நாள்கள் ஆயினவாம். மைத்துனர் சுரங்க வாயிலில் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"கல்லு விழுந்ததும் ஒரு மியூசிக் வருது. அப்புறம் அந்த ஆளு எழுந்து நிக்கறான், ஒண்ணும் ஆகாத மாதிரி. இன்னும் ரெண்டு லைஃப் இருக்குன்னு மூலையில காட்டுது."

கொண்டுவந்த அன்றே எறிந்திருக்கலாமே என்றேன்.

"எறியலாம்னுதான் எடுத்தேன். கையில எடுத்ததை எங்க வெக்கறதுன்னு தெரியாம அங்க வெச்சுட்டேன். சாமி பக்கத்துல ஒருநாள் இருந்துட்டா அப்புறம் எப்படி எறியறது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க வெறுப்புன்னு பேசப்போறீங்களே. எனக்கு இங்க இருக்கற எதுவுமே புடிக்காது மாமா. நாள் பூரா இந்தச் சத்தம். தலைவலி. ஆனா அதெல்லாம் புடிக்கலைங்கறது, அவ்ளோதான். அது ஒண்ணு மட்டும் அந்தக் கணக்குல சேராது."

நான் எழுந்தபோது வாசல்வரை வந்தார்.

"இதை மேடையில பேசிடாதீங்க. எங்கப்பாவைக் காட்டி நான் கடையை வாங்கிக்கிட்டேன்னு ஆயிடும்."

பேசுவதில்லை என்று வாக்களித்தேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டா என்று அடுத்த நொடியே உணர்ந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. மேடையில் அதைச் சொல்லிவிட்டால் எந்தச் செயலராலும் கடையைக் காலி செய்யச் சொல்ல முடியாது என்றாள். உண்மைதான். எங்கள் மன்றத்தார் உரக்கப் பேசுவார்களேயன்றி நெஞ்சில் ஈரமற்றவர்கள் அல்லர். அது எதிரணிக்கல்லவா சான்றாகும், வெறுப்புத் தக்கதே என்பதற்கு அதனினும் வலிய சான்றில்லையே என்று நான் வாதத்தை எடுத்தேன். பட்டிமன்றம் தோற்றாலும் கடை நிற்குமே என்று அவள் அதை ஒரே வீச்சில் வீழ்த்தினாள். வாக்கு கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"அவன் கேட்டான், நீங்க குடுத்தீங்க. அவனுக்கு மட்டும்தான் அப்பாவா? எனக்கும்தான். நான் சொல்றேன், சொல்லுங்க."

கீரைத் தண்டுகளைத் தாளில் சுருட்டியபடி அவளே முடித்தாள்: "சரி. அவன் தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு மறுபடி கூண்டுல இறங்கறப்போ உங்க வாக்கு கூட எறங்கிப் போகுதான்னு பார்ப்போம்."

பொங்கல் விழா மன்றத்தின் முன்முற்றத்தில் பந்தலிட்டு நடந்தது. நடுவர் ஆனேக்கலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆண்டுதோறும் வருபவர். மேடை ஏறியதும் ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைச் செயலரிடம் சொல்லிவைத்துவிட்டுத்தான் அமர்வார். கடை அன்று மூடியிருந்தது. ஒலிபெருக்கிக்குக் கம்பி இழுத்துத் தந்தவர் மைத்துனரே. மேடையோரத்தில் தூணில் சாய்ந்து நின்றார். என் மனைவி முன்வரிசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தாள்.

மருந்துக்கடை நண்பர் வெளுத்து வாங்கினார். கண் கெடுகிறது, கல்வி கெடுகிறது, கை சூம்புகிறது என்று அடுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எதிரே வீற்றிருக்கும் புலவர் பெருமான் யார்? மேல்மாடியில் இலக்கணம், கீழ்மாடியில் 'டொய்ங் டொய்ங்' என ஈருலகும் ஆள்பவர். கடைக்காரர்க்கு மாமா. இதுவரை கடைக்கு எமன்!" பந்தல் அதிர்ந்தது. முன்வரிசையிலிருந்த அவருடைய இளைய மகள், "அப்பா, நேத்து நீங்க ஏழாவது ஸ்டேஜ் போனதைச் சொல்லுங்க" என்று கூவினாள். அதற்குப்பின் அவர் பேச்சு சற்றுத் தடுமாறியது.

என் முறை வந்தது. இத்தனை காலம் நான் ஓர் ஆட்டத்தையும் வெறுத்ததில்லை, தரைவழி வந்த ஓசையையே வெறுத்தேன் என்று தொடங்கினேன். காணாத ஒன்றைக் கடிந்து பேசுவது படிக்காத நூலுக்கு மறுப்பெழுதுவது போன்றது என்றேன். விழும் கட்டைகளையும் வெண்பாவையும் ஒப்பிட்டேன். தந்தி அலுவலர் பலமாகக் கைதட்டினார். ஒரு பொருளை நாம் கடிந்து வெறுக்கிறோம் என்று சொல்லும்போது பெரும்பாலும் அதைத் துய்ப்போரிடம் நமக்குள்ள எரிச்சலைத்தான் சொல்கிறோம் என்றும் சொன்னதாக நினைவு. பேச்சு நன்றாகவே சென்றது. ஆயினும் வென்றுவிட்டோம் என்ற உறுதி பிறக்கவில்லை. செயலர் கைகட்டி அமர்ந்திருந்தார்.

முடிக்கும் நேரத்துக்கு முன்னறிவிப்பு மணி ஒலித்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இக்கடையின் உரிமையாளரின் தந்தை" என்ற தொடக்கம் நாவின் நுனியில் இருந்தது. தூணருகே பார்த்தேன். மைத்துனர் என்னைப் பார்க்கவில்லை. இரைச்சலிட்ட ஒலிவாங்கிக் கம்பியைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தார், என் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. நான் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தேன். வணக்கம் கூறி அமர்ந்தேன்.

நடுவர் எழுந்ததும், கடைக்காரர் ஏதேனும் சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். எதிர்பாராத வினா. மைத்துனர் ஒலிவாங்கி அருகே வந்து, "நாளையிலேர்ந்து சத்தத்தைக் கொறைச்சு வெச்சுக்கறேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூணுக்கே திரும்பினார். மக்கள் சிரித்தார்கள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்போது தீர்ப்பு. மலரில் பிழைபட்ட இடம் இதுவே. நடுவர் சொன்னது இது: கடும் வெறுப்பு தக்கதே, ஆனால் அருகிருந்து அறிந்தவர்க்கு மட்டுமே. அறியாதார்க்கு அது தகாது. எப்பொருளிலும் இரு அணியினர்க்கும் பங்கு கொடுத்து எழுவது அவர் வழக்கம். அன்றும் அதையே செய்தார். முருகன் படத்தருகே இருந்த பேழையின் செய்தி அவர்க்குத் தெரிய வழியே இல்லை. தெரியாமலே அப்படிச் சொன்னார். சொல்லிவிட்டுப் பொன்னாடையைப் பையில் திணித்துக்கொண்டு பேருந்தைப் பிடிக்க விரைந்தார். தூணருகே நின்றவர் என்ன நினைத்தார் என்று அறிய விரும்பித் திரும்பினேன். அவர் கம்பியைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்.

அடுத்த செயற்குழுக் கூட்டம் போன்றதொன்றை நான் பின்னர்க் கண்டதில்லை. 'தக்கதே' என்று தொடங்கினாரா இல்லையா என்றார் செயலர். தொடங்கியதை விடுங்கள், முடித்தது எப்படி என்றார் தலைவர். அருகிருந்து அறிந்தவர் எவர் என்று தொடங்கிய ஆராய்ச்சி காப்பி ஆறும்வரை நடந்தது. இறுதியில் இருவரும் என்னையும் கூட்டிக்கொண்டு ஆனேக்கலுக்கே பேருந்தில் சென்றனர். நடுவர் தோட்டத்தில் அவரைக்கொடிப் பந்தலுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தார். வினாவை முழுதும் கேட்டார். "பேச்சுக்குத்தான் ஐயா நான் தீர்ப்புச் சொல்வேன். கட்டடத்துக்கு வேற ஆளைப் பாருங்க" என்றார். வந்ததற்குப் பை நிறைய அவரைக்காய் கொடுத்தனுப்பினார்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் ஆளில்லை, முறிக்கவும் ஆளில்லை. அப்பொருள் கூட்டந்தோறும் எடுக்கப்பட்டு, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது. கடை நின்றது. ஓசையும் உண்மையாகவே குறைந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, மாலையில் படிப்பகம் அளவுக்குமேல் அமைதியாயிருந்தால், கீழே கடை திறக்கவில்லையா என்று தந்தி அலுவலரே எட்டிப் பார்க்கத் தொடங்கினார். என் மனைவி வாக்கு பற்றி மீண்டும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு தம்பி உண்ண வந்தபோது, எனக்கு வைத்த குழம்பில் குறை ஒன்றும் இல்லை. அதை மன்னிப்பாகவே கொண்டேன்.

புத்தாயிரம் பிறந்தபின் கடைக்கு வருவோர் குறைந்தனர். வீடுதோறும் கணினி வந்துவிட்டது. தங்கவயலில் சுரங்கமும் மூடப்பட்டது. இறங்குவதா வேண்டாமா என்ற வினாவே அவ்வூரில் இல்லாமற் போயிற்று. வைட்ஃபீல்டு அலுவலகங்களுக்குப் பணியாளரை ஏற்றிச்செல்லும் வண்டிகளை நிருவகிக்கும் வேலை மைத்துனர்க்குக் கிடைத்தது. கடையைத் தாமே ஒழித்துக்கொடுக்க முன்வந்தார்.

ஒழித்த அன்று நண்பகல் நான் கீழே போனேன். இரண்டு பெட்டிகள் கோணியில் கட்டப்பட்டிருந்தன. ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. முருகன் படம் பைக்குள் போய்விட்டது. பலகையில் அந்தப் பேழை இல்லை. அது கருவிக்குள் இருந்தது.

திரையில் மேலே ஒரு கீற்று வானமும், அதன்கீழே அடுக்கடுக்காக மண்ணும் இருந்தன. மண்ணுக்குள் ஆங்காங்கே பாறைகள். வானத்தின் அடியில், புல்லின்மேல், தலைக்கவசமணிந்த அச்சிறு மனிதன் இடமிருந்து வலமாக நடந்தான். ஓரத்தை எட்டியதும் திரும்பி நடந்தான். மைத்துனர் அவனைக் கீழே இறக்கவில்லை.

"ஆடவில்லையா?" என்றேன்.

"ஆடிக்கிட்டுத்தான் மாமா இருக்கேன்."

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தேன். அடியிலிருந்த பூதங்கள் மேலேறிவரச் சற்று நேரம் பிடிக்கும் போலும். அவை மேற்பரப்பை நெருங்கியபோது அவர் கைநீட்டி மின்விசையை அணைத்தார். பேழையை உருவி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெட்டியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். இருவருமாக அதை வெளியே தூக்கி வந்தோம்.

கடும் வெறுப்பு எப்போதேனும் தக்கதாகுமா என்று இன்று என்னைக் கேட்டால், நான் அறிந்தவர்களுள் ஒருவருக்கு மட்டும் அந்த உரிமை இருந்தது என்பேன். அவர் அதைப் பிறர்மேல் சுமத்தவில்லை. சாமிப் படத்தருகே வைத்துத் துடைத்துவந்தார். எஞ்சியோர் நாம் வெறுத்ததெல்லாம் கூரைவழியும் தரைவழியும் வந்த ஓசையைத்தான்.

இதை எழுதலாமா என்று கேட்டபோது அவர், "இப்ப எழுதுங்க மாமா, வாங்கிக்கறதுக்குக் கடையா இருக்கு?" என்றார். எழுதியதைப் படித்துக் காட்டியபோது, பாறை ஆடுவது ஒருமுறையன்று, இருமுறை என்று திருத்தினார். பிறர் திருத்தவேண்டியவையும் இருக்கும். அன்று பந்தலில் இருந்தவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், நடுவர் தீர்ப்பில் நான் தந்துள்ள சொல்வரிசை சரிதானா என்று எழுதியறிவிக்க வேண்டுகிறேன். அவ்விழாவை ஒலிப்பதிவு செய்தவர் ஒருவர் இருந்தார். அந்நாடா எவரிடமேனும் இருந்தால் கேட்க விரும்புகிறேன். என் மனைவியிடம் கேட்டேன். நான் தண்ணீர் குடிக்கவே இல்லை, குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன் என்கிறாள். இதில் எது உண்மை என்பதை நினைவுள்ளோர் தெரிவித்தால், அதன்படியே மாற்றி எழுதிவிடுகிறேன்.